புற்றுநோயா, மூளையா? பிஎச்.டி. கேள்விகளும் பதில்களும்

போன இதழில் கார்-டி என்ற புற்றுநோய் சிகிச்சை பற்றி இரண்டு பத்தி எழுதியதன் பலன், இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் பிஎச்.டி. பற்றியே கேட்கின்றன. நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் படித்து, இப்போது ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில், நோயெதிர்ப்பு மண்டலத்தின் சிப்பாய்களான டி செல்களோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்துதான் பதில் வரும். சத்து மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ம.கா., திருச்சி: எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடிக்கப் போகிறேன். புற்றுநோய் இம்யூனோதெரபி, நியூரோஇம்யூனாலஜி இரண்டுமே பிடித்திருக்கின்றன. எதற்கு எதிர்காலம் அதிகம், மேடம்?

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டே புற்றுநோயைத் தாக்குவது இம்யூனோதெரபி, அந்த மண்டலத்துக்கும் மூளை நரம்புகளுக்கும் உள்ள உறவைப் படிப்பது நியூரோஇம்யூனாலஜி. வேலைவாய்ப்பைக் கேட்கிறீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், கம்பெனிகளும் பணமும் புற்றுநோய்ப் பக்கம்தான் குவிந்து கிடக்கின்றன. டி செல்லின் பிரேக்கை எடுத்துவிட்டால் அது கட்டியைத் தாக்கும் என்று ஜேம்ஸ் ஆலிசன் குழு எலிகளில் காட்டியது 1996இல். சி.டி.எல்.ஏ-4 என்ற அந்தப் பிரேக்கைத் தடுக்கும் இபிலிமுமாப் மருந்துக்கு 2011இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ கண்டுபிடித்த பி.டி-1 இன்னொரு பிரேக். இருவரும் 2018இல் நோபல் வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து, மரபணு மாற்றித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றுவிட்டது.

நியூரோஇம்யூனாலஜி இவ்வளவு பளபளப்பு இல்லாத துறை. நோயெதிர்ப்பு மண்டலம் மூளையை எட்டிப் பார்ப்பதில்லை என்றுதான் எங்கள் பாடப்புத்தகம் சொன்னது. 2015இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் கிப்னிஸ் குழுவும், ஹெல்சின்கியில் காரி அலிடாலோ குழுவும் எலியின் மூளையுறைகளில், நோயெதிர்ப்புச் செல்கள் பயணிக்கும் லிம்ஃப் நாளங்கள் ஓடுவதைக் காட்டியபோது பலரும் ஆடிப்போனார்கள். 2022இல் ஹார்வர்டு குழு ஒன்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் தரவுகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு நோயெதிர்ப்பு மண்டலம் நரம்பு உறையையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வரும் ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. அந்த வைரஸ் ஏறத்தாழ நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. அப்படியிருக்க ஏன் ஒரு சிலருக்கு மட்டும் நோய் வருகிறது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இந்தத் துறையில் பஞ்சமே இல்லை.

ஆனால் தம்பி, நான் இன்றைக்கு உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றை எடுக்க மாட்டேன். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் போய் நிற்பேன். கார்-டி செலுத்திய சில நாட்களில் சில நோயாளிகளுக்கு மூளை குழம்பும். அதைக் கண்டுபிடிக்க வார்டில் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், 100இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். நேற்றுத் தெளிவாக எழுதியவர் இன்று கோணல் கோடு இழுப்பார். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு அது உயிராபத்து. ஐகேன்ஸ் என்று நாங்கள் அழைக்கும் இந்தப் பிரச்சினை புற்றுநோய்த் துறையுடையதா, மூளைத் துறையுடையதா? பி.டி-1 தடுப்பு மருந்து வாங்கியவர்களில் சிலருக்கு இமை தொங்கி, விழுங்க முடியாமல் மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் வருகிறது. அது யாருடையது?

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் கியோர்க் ஷெட் குழு 2021இல், புற்றுநோயே இல்லாத ஒரு லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்) நோயாளிக்குக் கார்-டி கொடுத்து நோயை அடக்கியது. அதன் பிறகு மயஸ்தீனியா, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வரை சோதனைகள் போய்விட்டன. ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்யே, கிறிஸ்டல் மெக்கால் குழுக்கள், குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டிக்குக் கார்-டி செல்களை முதலில் ரத்தத்திலும் பிறகு நேரடியாக மூளைத் திரவத்திலும் செலுத்திப் பார்க்கிறார்கள். செல்கள் கட்டியைத் தாக்கும்போது அந்த இடமே வீங்கும், மூளைத்தண்டில் வீங்குவதற்கு இடம் ஏது? 2024இல் பாஸ்டனில் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயாளிகள் மூவருக்கு நேரடியாக மூளைத் திரவத்தில் கார்-டி செலுத்தியபோது சில நாட்களிலேயே கட்டி சுருங்கியது. மூவரில் இருவருக்குத் திரும்ப வளர்ந்தது. ஏன் சுருங்கியது, ஏன் திரும்பி வந்தது என்று கேட்க இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

பெயர் வேண்டாம், கோவை: நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தது இரண்டு, இரண்டிலும் "இடமில்லை". எங்கே தப்பு?

நூறு பேருக்கு அனுப்பியதில்தான். நீங்கள் அனுப்பியது எனக்கு வரவில்லை என்றாலும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் அதன் சகோதரர்கள் வாரம் தவறாமல் என் இன்பாக்ஸுக்கு வருகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, தங்கள் மேன்மைமிகு ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆர்வமாக உள்ளேன்." பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், வேறு அளவில் இருக்கும். ஆய்வுத் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் "புற்றுநோய், தாவர மருந்து, நானோ துகள், நியூரோ" என்று ஒரு வரிசை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் உட்பட ஆறு இணைப்புகள்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிப்பதில்லை. படித்ததும் கேட்பதற்கு ஒரு கேள்விகூட மனதில் எழாது, அதுதான் காரணம். பதில் எழுத வைக்கும் மெயில் வேறு மாதிரி இருக்கும். சென்ற ஆண்டு ஒரு பெண் எழுதியதன் சாரத்தைச் சொல்கிறேன். தன் எம்.எஸ்சி. புராஜெக்டில் தாய்ப்பாலில் உள்ள டி செல்களை, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தாளாம். உறைய வைத்த மாதிரிகளில் பி.டி-1 அளவு குறைவாகவே வந்ததாம், புதிய மாதிரியில் அப்படி இல்லையாம். நாங்கள் மூளைத் தண்டுவட நீரில் செய்திருந்த வேலையில் உறைந்த மாதிரியைப் பயன்படுத்தியிருந்தோம், எங்களுக்கு அந்த வித்தியாசம் வந்ததா என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான், இரண்டு பத்தி. "இடம் இருக்கிறதா" என்பது கடைசி வரி. நான் அன்றே பதில் எழுதினேன், எங்கள் தலைவருக்கும் அனுப்பினேன். அவள் கல்லூரி பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

பத்து ஆய்வகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரையையாவது படங்கள் உட்பட முழுசாகப் படியுங்கள். உங்கள் புராஜெக்ட் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, அதில் எது சரியாக வரவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். எந்தக் கருவியைத் தனியாக இயக்கத் தெரியும், எதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். நேர்காணலில் எப்படியும் கேட்டுவிடுவோம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் பல இடங்கள் தனி மெயில் வழியாக நிரம்புவதே இல்லை. ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையமான டி.கே.எஃப்.இசட்., மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள் போன்றவை விளம்பரம் கொடுத்து, மொத்தமாக நேர்காணல் வைத்துத்தான் எடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களும் அப்படியே. ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸஸ் இணையதளத்தில் இந்த விளம்பரங்கள் வரும், வாரம் ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவில் ஆய்வகத்துக்கு அல்ல, பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. திட்டத்துக்குத்தான் விண்ணப்பம். பெரும்பாலும் டிசம்பரில் கதவு மூடிவிடும். சேர்ந்த பிறகு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றில் உட்காருவீர்கள். 2025இல் அங்கே ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது சில பல்கலைக்கழகங்கள் இடங்களைக் குறைத்தன. ஆகவே அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

செ.வி., மதுரை: நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. வெளிநாடு போக வீட்டுச் சூழ்நிலை இல்லை. இந்தியாவில் இந்தத் துறையில் உருப்படியாகச் செய்ய முடியுமா?

"உருப்படியாக" என்று ஏன் தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள்? நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்து, டாடா மெமோரியல் மருத்துவமனையில் சோதிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் முதல் கார்-டி மருந்து 4,75,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நம்முடையது வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வேலூர் சி.எம்.சி. தன் வளாகத்திலேயே கார்-டி செல்களைத் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. விலையை இன்னும் எப்படிக் குறைப்பது என்பது நம் ஊரில் இருந்துகொண்டு கேட்க வேண்டிய முதல்தர ஆய்வுக் கேள்வி.

இடங்கள் என்றால் நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியலின் ஆய்வுப் பிரிவான ஆக்ட்ரெக், டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், புனேயின் தேசிய செல் அறிவியல் மையம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., நம் சென்னை ஐ.ஐ.டி. மூளைப் பக்கம் போக ஆசை என்றால் மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம், பெங்களூருவில் நிம்ஹான்ஸ்.

நிம்ஹான்ஸை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் என்று ஒரு நோய். நேற்று வரை நன்றாக இருந்த இளம்பெண் திடீரெனச் சம்பந்தமில்லாமல் பேசுவாள், வலிப்பு வரும், பேய் பிடித்துவிட்டது என்று எங்கெங்கோ கூட்டிப் போவார்கள். மூளைச் செல்கள் செய்தி வாங்கப் பயன்படுத்தும் என்.எம்.டி.ஏ. ரிசப்டருக்கு எதிராக உடம்பே தயாரிக்கும் ஆன்டிபாடிதான் இதில் ஒரு வகைக்குக் காரணம் என்று ஜோசப் டால்மாவ் குழு 2007இல் சொல்லும் வரை அதற்குப் பெயரே இல்லை. இத்தகைய நோயாளிகள் வந்து சேரும் மருத்துவமனைக்குள்ளேயே ஆய்வகமும் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று, மாதிரி கேட்டு மாதக்கணக்கில் காகிதம் எழுதும் எங்களைக் கேட்டால் தெரியும்.

உதவித்தொகை, 2023இலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எப்போது கணக்கில் ஏறும் என்பதை மட்டும் அங்கே இருக்கும் சீனியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் முன் அந்த ஆய்வகத்தில் படித்து முடித்தவர்கள் இருவரிடமாவது போனில் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், வழிகாட்டி வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா, கட்டுரையில் பெயர் ஒழுங்காக வந்ததா என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு தகப்பன், திருநெல்வேலி: என் மகளுக்கு ஜெர்மனியில் புற்றுநோய் ஆய்வில் பிஎச்.டி. கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் 65 சதவீத வேலை என்று போட்டிருக்கிறது. பாதி வேலைக்கு அவ்வளவு தூரம் அனுப்புவதா? ஏஜென்ட் ஒருவர் உறுதி செய்துதர இரண்டு லட்சம் கேட்கிறார்.

ஐயா, முதலில் அந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முறையான பிஎச்.டி. பணியிடத்துக்கு யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் வந்த மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த முகவரிதானா என்று பாருங்கள். நிறுவன இணையதளத்தில் உள்ள மனிதவளப் பிரிவுக்கு மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், ஓரிரு நாளில் பதில் வந்துவிடும்.

65 சதவீதம் என்பது இங்கே சாதாரணம். அரசுச் சம்பள அட்டவணையில் ஈ-13 என்ற நிலையின் 65 சதவீதத்தைப் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். 2025 கணக்குப்படி பிடித்தம் போவதற்கு முன் மாதம் ஏறக்குறைய 3,000 யூரோ. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போக இரண்டாயிரத்தை ஒட்டி கைக்கு வரும். தனியாக வாழ அது போதும், மிச்சம் பிடிக்க ஊரைப் பொறுத்தது. மியூனிக் என்றால் வாடகை விழுங்கிவிடும். கல்விக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை உண்டு.

வேலை 65 சதவீதம்தான் இருக்குமா என்று கேட்டால், சிரிப்புதான் வருகிறது. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மகள் முழு நாளும் ஆய்வகத்தில்தான் இருப்பாள். ஆனால் ஒப்பந்தத்தில் விடுப்பு நாட்கள் எழுதியிருக்கும், அதை அவள் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். நம் பிள்ளைகள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

சு.ல., மயிலாடுதுறை: நாங்கள் சுத்த சைவம். இந்த ஆய்வில் எலிகளைக் கொல்ல வேண்டியிருக்குமா?

பல ஆய்வகங்களில் ஆமாம், வேண்டியிருக்கும். இதை நேர்காணலுக்கு முன்பே யோசித்த உங்களைப் பாராட்டுகிறேன், சேர்ந்து ஓர் ஆண்டு கழித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொல்கிறேன். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்கு நாங்கள் பயன்படுத்தும் எலி மாதிரியின் பெயர் ஈ.ஏ.ஈ. நரம்பு உறையின் புரதத் துண்டு ஒன்றை ஊசியாகப் போட்டு, எலியின் நோயெதிர்ப்பு மண்டலத்தை அதன் நரம்புக்கு எதிராகவே திருப்பிவிடுவோம். பத்து நாள், பன்னிரண்டு நாளில் வால் துவண்டுவிடும். அடுத்து பின்னங்கால்கள். தினமும் ஒவ்வோர் எலியையும் தூக்கிப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. இங்கே அதற்குப் பயிற்சியும் அனுமதியும் கட்டாயம், இந்தியாவிலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைத் தொட முடியாது. நான் செய்கிறேன், பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எலியைத் தொடாமலேயே இந்தத் துறையில் பிஎச்.டி. வாங்க முடியும், என் பக்கத்து மேசைக்காரர் அப்படித்தான் வாங்கினார். நோயாளிகளின் ரத்தம், தண்டுவட நீர், அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டித் துண்டுகள் ஆகியவற்றில் மட்டும் வேலை செய்யும் ஆய்வகங்கள் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. தரவுகளைக் கணினியில் அலசுகிற குழுக்களுக்கு ஆள் போதவே இல்லை. 2025இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஆன்டிபாடி மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பைத்தான், ஆர் என்ற கணினி மொழிகளில் ஒன்றை இப்போதே தொடங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் எலி வேலை வேண்டாம் என்று நேராகவே எழுதலாம், இங்கே யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை.

த.அ., யாழ்ப்பாணம்: நான்கு வருட சிறப்புப் பட்டம் (ஹானர்ஸ்) முடித்துவிட்டேன் அக்கா, முதுநிலைப் பட்டம் இல்லை. நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா?

அமெரிக்காவுக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்திலும் நல்ல வகுப்பில் தேறிய சிறப்புப் பட்டத்தை ஏற்கும் திட்டங்கள் பல உண்டு. ஆனால் அங்கே அரசு நிதியில் தரும் இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு, போட்டி கடுமை. ஜெர்மனியில் பொதுவாக முதுநிலை கேட்பார்கள், அதனால் இரண்டு வருட முதுநிலையோடு நுழைவது பாதுகாப்பான வழி.

மேரி கியூரி இடங்களுக்குக் குடியுரிமை ஒரு தடையே இல்லை. எந்த நாட்டில் சேரப் போகிறீர்களோ அந்த நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வருகிற உங்களுக்கு அது தானாகவே பொருந்தும். ஆனால் ஜெர்மனியில் முதுநிலை படித்துவிட்டு அங்கேயே மேரி கியூரிக்கு முயன்றால் விதி தடுக்கும். அப்போது பக்கத்து நாட்டைப் பாருங்கள்.

வி.ரா., சேலம்: வயது 34. தனியார் டயக்னோஸ்டிக் லேபில் ஃப்ளோ சைட்டோமெட்ரி பிரிவில் இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். இனிமேல் பிஎச்.டி. என்றால் சிரிப்பார்களா?

லுகேமியா நோயாளிகளின் செல்களைத் தினமும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிரித்துப் பார்க்கிற ஒருவரைப் பார்த்து இம்யூனாலஜி ஆய்வகத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள் அம்மா. எங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கேட்டிங் (வேண்டிய செல்களை மட்டும் எல்லை போட்டுப் பிரிப்பது) சொல்லிக்கொடுக்கவே அரை வருடம் போகிறது.

ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு, பெண்களுக்குத் தளர்வும் உண்டு, உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அறிவிக்கையில் பாருங்கள். பொருந்தாவிட்டாலும் நெட்டில் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது, புராஜெக்ட் நிதியில் சேரலாம். ஐரோப்பியப் பணியிடங்களில் வயதைப் பார்ப்பதில்லை. குழந்தைகளோடு போவதாக இருந்தால் சம்பளத்துக்கு முன்னால் அந்த ஊரில் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள், அதற்குத்தான் காத்திருப்பு அதிகம். விண்ணப்பத்தில் "எட்டு வருட அனுபவம்" என்று பொதுவாக எழுதாமல், எத்தனை நிறப் பேனல் ஓட்டுகிறீர்கள், எந்தக் கருவியில், ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி, சந்தேகமான மாதிரி வந்தால் நீங்களே முடிவெடுக்கிறீர்களா என்று எழுதுங்கள். கார்-டி தயாரிக்கும் ஆய்வகங்களுக்கு முதலில் அனுப்புங்கள்.